பதினேழாவது கிளாஸ்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கச்சி எழுதுகிறாள். பியர் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் பேனாவை அழுத்துகிறாள். அங்கங்கே தாள் கிழிந்திருந்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

மகள் கொடுத்தனுப்பிய உங்கள் ஊர்க் கோதுமை பியர் ஆறு பாட்டிலும் உடையாமல் வந்தது. கலங்கல் அழகு, கிராம்பு வாசம், பின்னால் ஒரு கனிந்த வாழைப்பழம். ஆனால் வாயில் நிற்கவில்லையே சம்பந்தி. வந்தது, வணக்கம் சொன்னது, போய்விட்டது. எங்கள் பாலத்தடி ஆலையின் கறுப்பு பியர் அப்படி இல்லை. கருகிய ரொட்டியின் ஓரம் மாதிரி ஒரு கசப்பு. உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருக்கும். எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம், வறுத்த பார்லிக்கு அது பொருந்தும். உங்களுடையது மெத்தென்ற தண்ணீர், கோதுமைக்குச் சரி. மலை ஆலைக்காரர்கள்தான் தண்ணீர் எதுவானாலும் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவைக் கொட்டி மறைத்துவிடுகிறார்கள்.

ஒரு சேதி. அடுத்த மாதம் மலை ஊரில் வட்டாரப் போட்டி. ருசி பார்க்கும் மேஜையில் உட்கார எங்கள் ஆலை என்னை அனுப்புகிறது. முப்பத்தோரு வருஷம் பீப்பாய் கழுவினவனுக்கு நாற்காலி.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

பிப்ரவரி 17

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். வாயில் நிற்காததுதான் கோதுமை பியரின் பெருமை. அடுத்த மடக்குக்கு இடம் விட வேண்டாமா? என் நோட்டில் இந்த வட்டாரத்தின் நாற்பத்திரண்டு பியர்களுக்கு மதிப்பெண் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கறுப்புக்கு ஏழு, எங்களுடையதற்கு ஒன்பது.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் சார்பாக நானும் அதே மேஜையில் உட்காருகிறேன், ஆகவே விதி தெரியும். இருபது கிளாஸ். பெயர் இருக்காது, எண் மட்டும். நிறம், நுரை, வாசம், ருசி எல்லாவற்றையும் அவரவர் கையால் அட்டையில் எழுத வேண்டும். துணைக்கு ஆள் கூடாது. நாலு பேர் முன்னால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் திணற வேண்டுமா? நாளைக்கு அந்தப் பேச்சு நம் பிள்ளைகள் காதுக்கும் வரும். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டால் மரியாதையாக முடிந்துவிடும். தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
பிள்ளையைப் பெற்றவன்

பிப்ரவரி 22

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கச்சி படித்தாள். பாதியில் நிறுத்தினாள். மீதியையும் படி என்றேன்.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. இல்லை என்று எழுதச் சொன்னால் இவள் எழுதமாட்டாள்.

நோட்டு இல்லாதவன் எல்லாவற்றையும் தலையில்தான் வைக்க வேண்டும். பதினாலு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் கல்யாண விருந்தில் நீங்கள் மூன்று பீப்பாய் இறக்கினீர்கள். முதல் இரண்டும் தேன் நிறம், நல்ல சரக்கு. மூன்றாவதுக்குக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை, ஈரத்துணி வாசம் அடித்தது. சம்பந்தி வீட்டு விருந்தாயிற்றே என்று இரண்டு கிளாஸ் குடித்து, பிரமாதம் என்றேன். இன்றுவரை வெளியே சொன்னதில்லை.

நான் வருகிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பதை அவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் முந்திச் சொல்ல வேண்டாம்.

பெண்ணைப் பெற்றவன்

மார்ச் 21

சம்பந்திக்கு,

வெற்று அட்டையோடு நான் உட்கார்ந்திருந்ததை இருபது கிளாஸ் முடியும்வரை பார்த்தீர்கள். உங்கள் அட்டையைக் கொடுத்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் மதியப் பேருந்தில் ஏறிவிட்டீர்கள். என் அவமானத்தைப் பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் என்கிறாள் உங்கள் தங்கச்சி. அப்படியே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

காலையிலேயே தலைமை நடுவராக வந்திருந்த அம்மாவிடம் போய் என் நிலைமையைச் சொல்லியிருந்தேன். எல்லோரும் எழுதி முடிக்கட்டும், கடைசியில் நீங்கள் வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றிருந்தார். அப்படியே எழுந்து நின்று, ஒன்றிலிருந்து பதினாறு வரை நிறுத்தாமல் சொன்னேன். எதில் நுரை சீக்கிரம் அடங்கியது, எதில் ஈஸ்ட் அவசரப்பட்டது, எல்லாம். பதினேழில் நின்றேன்.

"என்ன பெரியவரே, மறந்துடுச்சா?" என்றார் மலை ஆலைக்காரர்.

"மறக்கலை. பதினேழுக்குத் தனியா மார்க் வேண்டாம்மா. அது நாலாவதுதான். கொஞ்சம் சூடாகி வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். நாக்குகளைச் சோதிக்க ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு தடவை வைத்திருக்கிறார். பதினோரு அட்டை வந்திருந்தது, ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஓர் அட்டையில் நாலாவதுக்கு ஐந்து, பதினேழுக்கு ஒன்பது. அதைப் படித்தபோது கூடமே சிரித்தது. யார் அட்டை என்று அந்தம்மா சொல்லவில்லை. யாராயிருந்தாலும் பாவம்.

மீதி மூன்றையும் சொல்லி முடித்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இந்த வரியை இன்னொரு தடவை எழுது என்றேன், ஒரு தடவை போதும் என்கிறாள்.

அந்த நாலாவது உங்கள் ஊர்க் கோதுமை பியர்தான் சம்பந்தி. கிராம்பு வாசத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் ஒன்பதரை சொன்னேன். எங்கள் கறுப்புக்கு ஒன்பது. இந்தத் தடவை பார்லியைக் கூடுதலாக வறுத்துவிட்டார்கள், அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். முதல் பரிசு உங்கள் ஊருக்கு. வாழ்த்துகள்.

பெண்ணைப் பெற்றவன்

மார்ச் 29

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஐந்தும் ஒன்பதும் போட்ட அட்டை என்னுடையது. என் ஊர் பியரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மருமகளிடம் சொன்னேன். "எங்கப்பாவோடயா மாமா போட்டிக்குப் போனீங்க?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

தங்கச்சி சொன்னது அவருடைய பெருந்தன்மை. பேருந்தில் ஏறியது நல்லெண்ணத்தால் அல்ல. வெற்று அட்டைக்காரர் என் சம்பந்தி என்று சொல்லிக்கொள்ளக் கூசினேன். இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

நடுவர் அம்மா எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு அந்த மேஜைக்கு நீங்கள்தான் தலைமை. விதியையும் மாற்றிவிட்டார்கள். நீங்கள் வாயால் சொல்லலாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அதற்குப் பொறுமையான ஆள் யாராவது கிடைப்பார்களா என்று என்னைக் கேட்டிருந்தார். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். என் கைக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவன்