நான் மாற்றிப் படித்த கடிதங்கள்

செப்டம்பர் 4, இரவு

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். நலமில்லை. போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இன்று மில் தரகர் வந்தார். என்னையும் உன் மில்லில் சேர்க்க அப்பா சரி என்றுவிட்டார். பதினேழாம் தேதி வேன் வருகிறது. "பெரியவ ராணி மாதிரி இருக்கா. இவளும் போகட்டுமே. பத்தாவது முடிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றார் அப்பா.

தப்பு என்னுடையது. எழுத்துத் தெரியாத அப்பா அம்மாவுக்கு உன் கடிதங்களை நான்தானே படித்துக் காட்டுகிறேன்? பஞ்சுத் தூசியில் இரவெல்லாம் இருமுகிறேன் என்று நீ எழுதிய அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். கிடங்கில் மூட்டை விழுந்து அப்பாவின் கால் வீங்கிக் கிடந்தது. அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. "அக்கா பாட்டுக் கத்துக்கிறாளாம்" என்று படித்துவிட்டேன். அம்மா சிரித்தாள். அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. உன் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டாக்கினேன். உன் அறைக்கு ஜன்னல் வைத்தேன். வெளியே ஒரு மரமும் நட்டேன். நீ எழுதிய தையல் கடைக் கனவை மட்டும் அப்படியே படித்தேன்.

பயமாக இருக்கிறது, அக்கா. உண்மையைச் சொன்னால் அப்பா என் முகத்தில் விழிப்பாரா? சொல்லாவிட்டால் வேன். பதிலைப் பள்ளிக்கூடத்துக்கு, கணக்கு டீச்சர் பெயருக்கு அனுப்பு.

உன் வாயாடி

செப்டம்பர் 9

அடி வாயாடி,

கேன்டீன் அக்கா இதை வெளியே கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது ஹாஸ்டல் வார்டன் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "நல்லா இருக்கேன்" தவிர வேறென்ன சொல்வேன்? உன் கதைக்கு அதுவும் ஒத்து ஊதியிருக்கிறது.

ஜன்னலைப் படித்துச் சிரித்துவிட்டேன். அறையில் பதினான்கு பேரிடமும் சொன்னேன். "தங்கச்சிகிட்ட சொல்லி இன்னொரு பாத்ரூமும் கட்டச் சொல்லுடி" என்கிறார்கள்.

உன்மேல் கோபமில்லை. மெஷின் முன்னால் நானும் மனசுக்குள் தையல் கடை நடத்துகிறேன். அது இல்லாவிட்டால் ஷிப்ட் நகராது. ஆனால் இருமிக்கொண்டே காண்கிற கனவு அது. நீ இருமலை எடுத்துவிட்டாய். ராணி மாதிரி இருக்கிறவளை யார் கூட்டிப்போக வருவார்கள்?

இதோடு அப்பாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் படி. அடி விழுந்தால் வாங்கிக்கொள். இங்கே மட்டும் வந்துவிடாதே.

அக்கா

செப்டம்பர் 13, இரவு

அக்கா,

படித்துவிட்டேன். முதல் வரியை இரண்டு முறை படித்தேன். நீ மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்த இடம் வந்ததும் அப்பா "நிறுத்து" என்றார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பழசையும் எடு" என்றார்.

பதினோரு கடிதங்களையும் உள்ளபடி படித்தேன். சோறு ஆறிப்போனது.

"அப்ப அந்த ஜன்னலு?" என்று அம்மா கேட்டாள்.

"நான் வச்சதும்மா."

"மரம்?"

"அதுவும்தான்."

"தையக்கடையுமாடி?"

"இல்லம்மா. அது அக்காவே எழுதுனது."

"அத இன்னொருக்கா படி" என்றார் அப்பா. படித்தேன். பிறகு தரகருக்குப் போன் போட்டார். "வேன் வேணாம். மில்லுக்கு நானே வர்றேன், பெரியவளக் கூட்டிக்கிட்டுப் போக" என்றார்.

காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறார். என் முகத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைக்கப் போகிறேன். திரும்பி வரும்போது உன்னைப் படித்துக் காட்டச் சொல்வார். உள்ளபடியே படி, நான் பயந்த இடத்தையும் விடாதே.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொள்.

உன் தங்கை