துப்பிய மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்குக்கூட. உன் மாமியார் கண்ணில் பட்டால் நான் தொலைந்தேன். அதனால்தான் வீட்டு முகவரி போடாமல், நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் இந்தப் பக்கம் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் உன் வீடே கூடி நின்று கேட்கிறது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சுவரில் ஒரு பல்லி பார்த்துக்கொண்டிருக்கிறது. அது சொல்லாது.

முதலில் நல்ல செய்தி. எதிலுமே முதலாவதாக வராத உன் தங்கை, ரத்தத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். சிரிக்காதே, விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் தடுப்பூசி ஆராய்ச்சி நடக்கிறது. அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டார். ஊசிக்கு முன்னால் கொஞ்சம் ரத்தம், பின்னால் கொஞ்சம் ரத்தம் எடுத்து, நோயை எதிர்க்கும் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஏறியது. எனக்கு மட்டும் ஏறியும் ஏறாததுமாய் நின்றது. எனக்கு என்னவோ பெரிய வியாதி என்று பயந்து, என் வண்ணப் பென்சில்களை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பிறகு மலத்தைச் சோதித்தார்கள். குடலில் புழு.

அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "எங்க வீட்டுலயா? தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாமே, டாக்டர்" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "புழு உங்க தரையைப் பாக்குறதில்லைம்மா. தோட்டத்து மண்ணுல வெறுங்காலோட யார் நடக்குறா, கழுவாம யார் கேரட்டைக் கடிக்கிறான்னுதான் பாக்கும்" என்றார். அந்த இரண்டும் நான்தான் என்று உனக்குத் தெரியும்.

ஊசி ஏன் பலிக்கவில்லை என்று கேட்டேன். குடலில் நிம்மதியாகக் குடியிருக்க வேண்டுமென்றால் நம் உடம்பு சண்டைக்கு வரக்கூடாதாம். அதனால் புழு உடம்பைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறதாம். அரைத்தூக்கத்தில் இருக்கும் உடம்புக்கு ஊசி வந்து பாடம் நடத்தினால் எப்படி ஏறும்? "எங்க கணக்கு வகுப்பு மாதிரி" என்றேன். அதற்குத்தான் டாக்டரம்மா சிரித்தார். எல்லோருக்கும், எல்லா ஊசிக்கும் இப்படி ஆகாதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சியாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நம்ம வீட்டுச் சாப்பாட்டை ஒரு குறையும் சொல்லாம சாப்பிட்ட விருந்தாளி அது ஒண்ணுதான்" என்றார். அம்மா அன்று அவருக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றவில்லை.

பிறகு எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி ஊசி. இன்றைக்கு ரத்த முடிவு வந்தது. என் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிகம். டாக்டரம்மா என் முதுகில் தட்டினார். அப்பா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அம்மாவும் சாப்பிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இனிதான் நான் பயப்படும் விஷயம். பள்ளியில் வருஷா வருஷம் பூச்சி மாத்திரை கொடுப்பார்களே, அம்மா நமக்கு என்ன சொல்லியனுப்புவாள்? "சுத்தமான வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு மருந்து? நாக்குக்கு அடியில வச்சுக்கோ, வெளிய வந்து துப்பிடு." நீயும் துப்பினாய், நானும் துப்பினேன். போன விடுமுறையில் உன் மகள் பாப்பா இங்கே வந்தபோது நாள் முழுக்க என்னோடு வெறுங்காலில் தோட்டத்தில்தான் கிடந்தாள். என் கேரட்டில் பாதியை அவள்தான் தின்றாள். அடுத்த மாதம் அவளைப் பள்ளியில் சேர்க்கும்முன் ஊசி போடப்போவதாகச் சொன்னாயே. அந்தப் பொடிசின் உடம்பும் தூங்கிக்கொண்டிருந்தால்?

அம்மாவிடம் உனக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தோட அங்க போவேன்? வாயைத் திறந்தே, உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள். அம்மா பேசாத வீட்டில் அந்தப் புழுகூடக் குடியிருக்காது.

ஆனாலும் எழுதிவிட்டேன். அக்கா, ஊசிக்கு முன்னால் பாப்பாவை டாக்டரிடம் காட்டு. என் பெயரைச் சொல்லாதே. ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொல். பாப்பா நன்றாக இருக்க வேண்டும், என்னைவிட உயரமாக வளர வேண்டும், என் பென்சில்களையெல்லாம் அவளே—

கதவு தட்டும் சத்தம். அம்மாதான். குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "பாப்பா மாத்திரையைத் துப்பிடுவாடி. முழுங்குற வரைக்கும் அக்காவைப் பக்கத்துலயே நிக்கச் சொல்லி எழுதினியா?"