அப்பாவும் கண்ணாடி இறாலும்

அன்புப் பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி ஏது. உன் அறைத் தொட்டியில் நீ விட்டுப்போன கழிமுக இறால்கள் எங்களைவிடச் சுகம். அவற்றுக்கென்று முழுநேர ஊழியர் ஒருவர் இருக்கிறாரே, உன் அப்பாதான். இருந்த வேலையை உதறிவிட்டு நீ இறால் ஆராயக் கிளம்பியபோது "விரல் நீளம்கூட இல்லாத பூச்சிக்கு ஒரு படிப்பா, இனி எங்கிட்ட பேசாதே" என்று கதவைச் சாத்திய அதே மகான். நீ போன் செய்தாலே தாகமெடுத்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறாரே, அவரேதான். முட்டி வலியில் நான் படுத்த வாரம், "செத்துத் தொலைஞ்சா பழி எம்மேல வரும்" என்று முனகிக்கொண்டே இரை போட ஆரம்பித்தார். நான் எழுந்த பிறகும் வேலையைத் திருப்பித் தரவில்லை. தின்ற பாசிகூட வெளியே தெரியும் கண்ணாடி உடம்பு அந்த இறாலுக்கு, மனசில் உள்ளதை மூடி வைக்கத் தெரியாத பிறவி, இவருக்கு நேர் எதிர். அதனால்தான் பிடித்துப்போயிற்று போலும்.

ஒருநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "ஒண்ணு போயிடுச்சு, அவகிட்ட எப்படிச் சொல்றது" என்றார். பேசாத மகளிடம் எப்படிச் சொல்வதாம்! போய்ப் பார்த்தால் வெறும் ஓடு. அம்மணி பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியது இறுகும்வரை யாரும் கடித்துவிடாதபடி கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறாள். இதை நீ சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொன்னாய், அப்போதெல்லாம் இவர் செய்தித்தாளுக்குள் இருந்தார். அந்த மெத்தென்ற நேரத்தில்தான் ஜோடி சேருமாமே, கொஞ்ச நாளில் வயிற்றடியில் பச்சை முட்டைகள், குட்டிக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வாத்தியார் வந்ததும் உட்காரக்கூடச் சொல்லாமல் "அவ முழுகாம இருக்கா" என்று உன் அறையைக் காட்டினார் இந்த மனிதர். வாத்தியார் வெளிறிப்போனார். தெருவுக்கே விளக்கம் சொல்லி என் தொண்டை வறண்டது.

குஞ்சுகள் பொரிந்தன. தூசி மாதிரி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்பக்கமாகவே நீந்தின, நம் வீட்டு வாரிசுகள்தான், சந்தேகமில்லை. பெரியவை தின்றுவிடாமலிருக்க வேறு பாத்திரம், வடிகட்டி உறிஞ்சாமலிருக்க என் நல்ல பட்டுப்புடவையில் ஒரு துண்டு. கேட்டால் "இந்தத் துணியிலதான் கண்ணி சின்னதா இருந்துச்சு" என்கிறார். குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொல்ல, கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி ஆற்று முகத்துவாரத்துக்குப் போனார். மழை பெய்து ஆறு முழுக்க நல்ல தண்ணீர், உப்போடு கடல்நீர் ஏறும்வரை கோரைக்குள் சேற்றில் நின்றிருக்கிறார். ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார், நான் சிரிக்க வாயெடுத்தேன். "அவ தினமும் இப்படியா நிக்கிறா" என்று கேட்டார். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதிக்குமேல் செத்துப்போயின. தப்பியவை இப்போது தலை நிமிர்ந்து, தரையில் கால் ஊன்றி ஒழுங்கு மரியாதையாக நடக்கின்றன. அவற்றைக் கோரைக்குள் விடலாமா, இன்னும் வளரட்டுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நான் என்ன தபால்காரியா, நீங்களே கேளுங்கள் என்றுவிட்டேன். தொட்டிக்கு இரை போட்டுவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை எடுப்பாளா" என்றார்.

அதனால் ஞாயிறன்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொள். பழசு எதையும் கிளறாதே, அழுதும் தொலைக்காதே. மன்னிப்பெல்லாம் அந்த வாயிலிருந்து வராது, இறாலைப் பற்றித்தான் கேட்பார். நீயும் இறாலைப் பற்றியே பதில் சொல், நிதானமாக, நீளமாக. இந்த முறை காதில் வாங்கிக்கொள்வார்.

நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இரு கண்ணே. ஆற்றில் நீர் ஏறும் நேரம் தெரிந்துகொண்டு இறங்கு, தனியாகப் போகாதே.

உன்
அம்மா