பதினோராவது இடம்

என்னங்க,

பன்னிரண்டு வருடமாக வக்கீல் ஆபீசில் விவாகரத்து மனு அடிக்கிறேன். யார் வீட்டுப் புருஷனும் எனக்கு வெறும் 'எதிர்மனுதாரர்'தான். நேற்று நம்முடையதை அடித்தேன். வக்கீலம்மா படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பதினோரு இடத்துல 'என் கணவர்'னு இருக்கு. உனக்கே நான் சொல்லித் தரணுமா?"

பத்தை மாற்றிவிட்டேன். அதற்குள் தண்ணீர் குடிக்க நாலு தடவை எழுந்தாயிற்று. மிச்சம் ஒரு வரி: "என் கணவர் வீட்டை விட்டு வெளியேறினார்."

எதிர்மனுதாரர் வெளியேறினார் என்றால் யாரோ போன மாதிரி இருக்கிறது. அன்று கொட்டுகிற மழையில், இருந்த ஒரே குடையை எனக்கு வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனது நீங்கள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. குடையை வாங்கிக்கொள்ளவாவது அதற்குள் ஒரு தடவை வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்துப் போடாதவள்