‘ரொம்பச் சூடு’ எத்தனை வோல்ட்?

ஜனவரி 21, 2025
சின்னசேலத்துக்கு வெளியே தீனதயாளனின் கிழங்கு மாவு மில்லுக்குப் போய் வந்தேன். ஈர மாவு சூடான காற்றோடு குழாயில் பறந்து காய்கிறது. டிரையரில் இருக்கும் பழைய சுவிட்சுக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும்: போடு, நிறுத்து. அதனால் மாவு கருகும், இல்லையென்றால் ஈரமாகவே மூட்டைக்குப் போகும். “மனுஷன் மாதிரி பாத்துப் பாத்துச் செய்யற பொட்டி வேணும் செல்வி” என்றார். கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் கடை வைத்து டிவியும் மிக்சியும் பிரித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது பெரிய வேலை. ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி 24
சுவிட்சு கைவிடும்போது அடுப்புக் காற்றைக் கையாலேயே கூட்டிக் குறைத்து டிரையரைப் பார்த்துக்கொள்வது சந்திரலேகா, மலையிலிருந்து இறங்கி வந்து வேலை செய்பவள். தீயை எப்படி ஏற்றி இறக்குகிறாய் என்று கேட்டேன். “மாவு மெத்துன்னு வந்தா கொஞ்சம் ஏத்துவேங்க்கா. மொறமொறன்னு பறந்தா கம்மி பண்ணுவேன்.” இப்படியே நான்கு விதிகள் எழுதிக்கொண்டேன். தூசி ரொம்பப் பறந்தா என்றேன். “மூக்கு எரியும். நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு போயிடுவேன். பறக்கற மாவு பத்திக்கும்ங்க.”
ஐந்தாவது விதி.

பிப்ரவரி 11
முதலில் நிரல் எழுதிப் போட்ட சிப், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் குழம்பியது. தூக்கிப் போட்டேன். இப்போது நிரலே இல்லை; வோல்ட்டைப் பெருக்கவும் கூட்டவும் ஆப்-ஆம்ப், அதோடு டையோடு, மின்தடை, அவ்வளவுதான். நூற்று நாற்பது டிகிரி என்றால் ‘சூடு’ கம்பியில் மூன்று வோல்ட், ‘ரொம்பச் சூடு’ கம்பியில் ஒன்று. இரண்டுமே உண்மை, அளவுதான் வேறு. ‘சூடும் தூசியும் சேர்ந்து இருந்தால்’ என்கிற மாதிரி விதிக்கு, இரண்டில் குறைந்த வோல்ட்டை டையோடுகள் எடுத்துக் கொடுக்கும். எல்லா விதிகளின் பதிலையும் கலந்தால் அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியின் வேகம். தூசி சென்சார் ‘ரொம்ப’ என்றால் மட்டும் மில்லே நின்றுவிடும். ஓடுகிறது! கத்தணும்போல இருந்தது.

பிப்ரவரி 20
பெட்டியை மாட்டியாச்சு. சந்திரலேகாவை மூட்டை பிடிக்க மாற்றிவிட்டார்கள். அதே கொட்டகைதான்.

மார்ச் 12
வெயில் ஏறிவிட்டது, தூசி ஜாஸ்தி. ஐந்தாவது விதி ஒரே நாளில் நாலு தடவை மில்லை நிறுத்துகிறது. தீனதயாளன் போன்: “உன் பொட்டி பயந்தாங்கொள்ளியா இருக்குதும்மா. அந்த ரொம்பங்கறத கொஞ்சம் தள்ளி வை. அடுத்த டிரையரும் உனக்குத்தான்.” முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். ‘சரிங்க’ன்னுட்டேன்.

மார்ச் 13
திருகினேன். பெட்டிக்குள் இருக்கும் குட்டித் திருகு, ஒன்றரைச் சுற்று. விதி அப்படியே இருக்கிறது. ‘ரொம்ப’ மட்டும் நகர்ந்துவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது.

மார்ச் 19
ஒரு வாரமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மார்ச் 24
சந்திரலேகா போன். “அக்கா, மூக்கு எரியுது. பொட்டி பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குது. இன்னா மாத்துனீங்க?”
ஒண்ணும் இல்லன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வியாழக்கிழமை போய்ப் பழையபடி வைக்கணும். நாளைக்கே ஏன் போகக் கூடாது?

மார்ச் 25
போகல.

மார்ச் 27
பஸ்லேர்ந்தே பாத்துட்டேன். கறுப்புப் புகை. கூரை ஷீட்டு ரோட்டுல கெடக்குது. சந்திரலேகாவும் மூட்டை பிடிக்கிற பொம்பளைங்களும் வெளியே நிக்கறாங்க — தூசி தாங்காம அவதான் எல்லாரையும் இழுத்துக்கினு வந்திருக்கா, வெடிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி. அடுப்புக்கு விறகு போடற ராஜதுரையை மட்டும் முதலாளி, ‘நீ போவாத, அடுப்பு அணைஞ்சிடும்’னு நிறுத்திட்டாராம். கை. முகம். என்னால எழுத முடியல.

ஏப்ரல் 4
தீனதயாளன் கடைக்கு வந்தார். “வொயரிங் கோளாறுன்னு சொல்லிடும்மா. உனக்கும் அதான் நல்லது.” மத்தியானம் போலீஸ் விசாரணைக்குப் போனேன். சர்க்யூட் வரைபடத்தைக் கொடுத்தேன். திருகைத் தள்ளி வைக்கச் சொன்னது அவர், திருகியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 9
சேலம் ஆஸ்பத்திரி. ராஜதுரையின் மனைவி குஞ்சம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.
“அந்தப் பொட்டி செஞ்சது நீங்களா?”
“ஆமா.”
“கண்ணு தெரியுமான்னு டாக்டர் இன்னும் சொல்லலைங்க” என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.
உட்கார முடியவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.