தும்பாங் பிள்ளைங்க

அன்பு மகன் திருச்செல்வத்துக்கு அம்மா ஆசீர்வாதத்தோட எழுதிக்கிறது. இந்த மலேசியா வெயில்ல, கிள்ளான்ல நாங்க ரெண்டு பேரும் சுகம்தான், உங்கப்பாவுக்குச் சர்க்கரை எட்டுலயே நிக்குது, எனக்கு மழை வந்தா முட்டி வலிக்குது, அவ்வளவுதான். அந்த அயர்லாந்து குளிர்ல நீயும் மருமக ரமணியும் என் பேத்தி யாழினியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கேத்தும்போது சொல்லிக்கிறேன். இதையெல்லாம் போன்லயே சொல்லலாம், ஆனா நான் வாயைத் திறந்தா நீ வார்டுல கூப்பிடுறாங்கம்மான்னு வச்சிடுவே. கடிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான் மீன் மசாலா பொட்டலத்தோட சேர்த்து அனுப்புறேன். மசாலாவைப் பிரிட்ஜ்ல வைக்க ரமணிகிட்ட சொல்லு, இல்லன்னா வண்டு வந்துடும்.

போன ஞாயித்துக்கிழமை ரமணி சொன்னதுல இருந்து எனக்கு மனசு ஆறல. உங்க ஊர்ல டிராவலர்ஸ்னு வண்டி வீட்டுல குடியிருந்து ஊர் ஊராப் போற ஜனங்க இருக்காங்களாம், யாழினி ஸ்கூல்ல அவங்க பிள்ளைங்களுக்கு இத்தனை நாளா பின்னாடி ஒரு தனி ரூமாம், இப்ப அதை மூடிட்டு மத்த பிள்ளைங்களோட கலந்து உக்கார வைக்கப் போறாங்களாம், அது வேணாம்னு பெத்தவங்க ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்களாம், அதுல டாக்டர் திருச்செல்வம் கன்னையான்னு நீயும் போட்டியாம். ரமணி என்னமோ நீ மெடல் வாங்கின மாதிரி சொல்றா. யாழினி படிப்பு கெட்டுடுமாம்லா. எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னடா அப்படிக் கெட்டுப்போற படிப்பு, அவ என்ன ஆபரேஷனா பண்ணிக்கிட்டு இருக்கா.

இதே பேச்சை நான் இங்க காதால கேட்டவ. நான் காண்டீன் நடத்துற தமிழ்ப்பள்ளிக்குப் போன வருஷம் பன்னெண்டு பிள்ளைங்களைக் கொண்டாந்தாங்க. எல்லாம் பிறப்புப் பத்திரம் இல்லாததுங்க, அப்பனும் ஆத்தாளும் கோயில்ல தாலி கட்டினதோட சரி, கல்யாணத்தையும் பொறப்பையும் ரிஜிஸ்டர் பண்ணணும்னு தெரியாம விட்டதுங்க. அதுவரைக்கும் ஒரு கடைவீட்டு மாடியில யாரோ நல்லவங்க எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. பள்ளியில சேர்த்தாச்சுன்னு பேரு, உக்கார வச்சது என் காண்டீனுக்குப் பின்னாடி ஒடஞ்ச நாற்காலி போட்டிருந்த ஸ்டோர்ல. அதுக்குத் தும்பாங் கிளாஸ்னு ஒரு பேரு வேற. அடுத்தவன் மோட்டார்ல பின்னாடி தொத்திக்கிட்டுப் போனா நாம தும்பாங்னு சொல்லுவோம்ல, அந்த வார்த்தையைப் பிள்ளைங்களுக்கு வச்சிட்டானுங்க. ரிஜிஸ்தர்ல பேரு கிடையாது. வந்தாலும் கேட்க ஆள் இல்ல, வரலைன்னாலும் கேட்க ஆள் இல்ல. சாப்பாட்டு மணி கூட மத்தவங்க தின்னு முடிச்ச அப்புறம்தான்.

இந்த வருஷம் வந்த தலைமையாசிரியை ஸ்டோரைப் பூட்டிட்டு எல்லாரையும் வகுப்புல சேர்க்கப் போறேன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், பெற்றோர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன் கூட்டம் போட்டுட்டார். பிரிக்பீல்ட்ஸ்ல ரெண்டு ஜவுளிக்கடை வச்சிருக்காரே, அவரேதான். பெரிய மனுஷன், மைக்கைப் பிடிச்சா கீழ வைக்க மாட்டார். தமிழன் தமிழனைக் கைதூக்கி விடணும்னு அரை மணி நேரம் பேசினார், எல்லாரும் கைதட்டினாங்க, தட்டி முடிச்சதும் ஆனா இந்தப் பிள்ளைங்க விஷயத்துல நிதானம் வேணும்னு ஆரம்பிச்சார். பேன் இருக்குமாம், கெட்ட வார்த்தை பேசுமாம், நம்ம பிள்ளைங்க மார்க்கு இறங்குமாம். தூ. அவர் பேரன் பேசுற கெட்ட வார்த்தையை நான்தானே தினமும் மீ கோரேங் நூடுல்ஸ் போடும்போது கேக்குறேன். கடைசியில, சரி வகுப்புல வேணா உக்காரட்டும், சாப்பாட்டு மணியும் மேசையும் மட்டும் தனியா இருக்கட்டும், சுகாதாரத்துக்காகன்னு பெருந்தன்மையா முடிச்சார். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். கரண்டியோடயே போய் நின்னு சொன்னேன், ஒரே மணி அடிச்சா காண்டீன் திறக்கும், ரெண்டு மணி அடிச்சா திறக்காது, அப்புறம் உங்க பிள்ளைங்களுக்கு நீங்களே கட்டிக் கொடுத்து அனுப்புங்கன்னு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சோறு கட்டுற ஜனங்களா அதுங்க, ஒரே மணிக்கு ஒத்துக்கிட்டாங்க. அவங்க கொள்கையெல்லாம் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு அளவுதான்.

மறுநாள் நான் வகுப்புக்குத் தண்ணி கொண்டு போனேன். டீச்சர் பேர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மலர்னு ஒரு பிள்ளை, ஒன்பது வயசு, ஸ்டோர்ல இருந்து வந்தது, ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்துச்சு. டீச்சர் மலர்னு கூப்பிட்டாங்க. திரும்பவும் கூப்பிட்டாங்க. அந்தப் பிள்ளை பின்னாடி திரும்பிப் பார்க்குதுடா, வேற யாராச்சும் மலர் இருக்காளான்னு. அது பேரை ரிஜிஸ்தர்ல இருந்து யாரும் கூப்பிட்டதே இல்லல்ல. நான் தண்ணியை அங்கேயே வச்சிட்டு வெளியில வந்து அழுதேன்.

ஏன் அழுதேன்னு சொல்றேன், இதுவரைக்கும் உன்கிட்ட சொன்னதில்ல. நாங்க வேலை செஞ்ச பந்திங் தோட்டத்தைக் கம்பெனிக்காரன் வித்துட்டு நம்மளை வெளியேத்தினப்ப உனக்கு ஏழு வயசு. கிள்ளானுக்கு வந்து உன்னைப் பள்ளியில சேர்க்கப் போனா பிறப்புப் பத்திரம் கேட்டாங்க. உங்கப்பா பெட்டியில பத்திரம் பத்திரம்னு பூட்டி வச்சிருந்ததை எடுத்து நீட்டினார். அது உன் ஜாதகம்டா. நீ பொறந்தப்ப தோட்டத்துக் கோயில் பண்டாரம் எழுதிக் கொடுத்தது. நாள், நேரம், அப்பன் பேரு, ஆத்தா பேரு எல்லாம் அதுல இருக்கவும் அதுதான் சர்க்கார் பத்திரம்னு மனுஷன் ஏழு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தார். ஆபீஸ்ல எழுதுற கிராணி அதைப் பார்த்துட்டு மத்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான். உங்கப்பா அதை வாங்கி மடிச்சுப் பையில வச்ச விதம் இன்னும் என் கண்ணுல இருக்கு. தும்பாங்கா வேணா உக்காரட்டும்னு சொன்னாங்க. கடைசி பெஞ்சுல கதவோரம் ஆறு மாசம் உக்காந்தே, பேர் இல்லாம. அப்புறம் வந்த இராஜம்மா டீச்சர்தான் ரிஜிஸ்தர்ல கடைசியில உன் பேரைப் பென்சில்ல எழுதினாங்க, மேலிடத்துல கேட்டா அழிச்சுக்கலாம்னு. பத்திரம் வந்து அது பேனா எழுத்தாக ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் தடவை உன் பேரைக் கூப்பிட்டப்ப நீயும் யாருன்னு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தியாம்னு அவங்க என்கிட்ட சொன்னாங்க. உனக்கு ஞாபகம் இருக்காது. அப்பவும் பெத்தவங்க யாரோ ஒரு பேப்பர் எடுத்துட்டு வந்தாங்க, அந்தம்மா வாங்காம திருப்பி அனுப்பிட்டாங்க.

பரமேஸ்வரனை நான் திட்டுறேன், திட்டிட்டுத் தூங்கிடுவேன், அவர் யாரோ. உன்னை எப்படித் திட்டிட்டுத் தூங்குறது. நாளைக்கே அந்த ஸ்கூலுக்குப் போய் உன் கையெழுத்தை அடிச்சிட்டு வா. அடிச்ச அப்புறம் போன் பண்ணு, அதுக்கு முன்னாடி பண்ணினா நான் எடுக்க மாட்டேன், உங்கப்பாவையும் எடுக்க விடமாட்டேன். யாழினிகிட்ட சொல்லு, பக்கத்துல புதுசா வந்து உக்கார்ற பிள்ளை பேரென்னன்னு பாட்டி கேட்டாங்கன்னு. ரமணி ராத்திரி டியூட்டி முடிச்சுத் தனியா நடந்து வர வேணாம். எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருங்க, வெளியில போறப்ப காதை மூடிக்குங்க.

இப்படிக்கு,
ஒரு தும்பாங் பையனைப் பெத்த அம்மா,
அமுதவள்ளி கன்னையா