சாமி முன்னால் புது மோடம்

வியாழக்கிழமை, தேய்பிறை அஷ்டமி

காலையில் அவர் புது மோடத்தைக் கையில் கொடுத்துவிட்டு லாரிப் பட்டறைக்குப் போய்விட்டார். அஷ்டமியில் புதுப் பொருளை எப்படி மாட்டுவது? பெட்டியைப் பிரிக்காமல் குங்குமம் இட்டுச் சாமி முன்னால் வைத்தேன். அது வந்து உட்கார இடம் வேண்டுமே என்று, இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூசி தட்டி ஜன்னலோரம் மாற்றினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சாயங்காலம் சென்னையிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். எப்போதும் பாதியில் நின்றுபோகும் முகம் இன்று நிற்கவே இல்லை. எழுந்து திரும்பி ஏழு மாத வயிற்றைக் காட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா, இன்னைக்குத்தானுங்க உங்க மொகம் நல்லாத் தெரியுது!”

பட்டறையிலிருந்து திரும்பியிருந்த அவர் மகளைப் பார்த்தபடி துண்டை உதறித் தோளில் போட்டார். “பின்னே என்ன சாமி? அப்பா வாங்குன புது மோடமாக்கும்!”

நான் எழுந்து சாமி விளக்குக்கு எண்ணெய் விடப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒன்று வாங்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நாளை நவமி. அது கழிந்ததும் மாட்டத்தான் வேண்டும். மாட்டி, வேகம் குறைந்துபோனால்?

சாமி முன்னாலேயே இருக்கட்டும். அங்கிருந்தே நன்றாகத்தான் வேலை செய்கிறது.